வேலியோரப் பொருள்களில் நலங்கு மாவு, சீயக்காய்த் தூள், தலைக்கு எண்ணெய்

சிறு விவசாயிகளின் தோட்டங்களில் காசு கொடுத்து வாங்காமலே கிடைக்கும் பொருள்கள் பல உண்டு. மானாவாரி நிலத்து ஓரத்தில் ஆவாரை பூத்துக் கிடக்கிறது. வேலியில் மருதாணி நிற்கிறது. கிணற்றடியில் செம்பருத்தி, வாய்க்கால் கரையில் கரிசலாங்கண்ணி, மேட்டில் ஓர் உசிலை மரம். நெல் தரிசில் பச்சைப்பயறும் வருகிறது. இவ்வளவும் உள்ள வீட்டில் குளிக்கச் சோப்பும், தலைக்கு ஷாம்புப் பாக்கெட்டும் சந்தையில் வாங்கப்படுகின்றன.

இவற்றை வீட்டில் தயாரித்துக் கொள்ளலாம் என்பது புதிய செய்தி அல்ல. ஆனால் அண்மைக் காலத்தில் கற்றாழை ஜெல், முகக் கிரீம், பூச்சாறு என்று நீர் நிறைந்த பண்டங்களைச் செய்து, புட்டியில் அடைத்து, அக்கம்பக்கத்தில் விற்கும் பழக்கம் பரவி வருகிறது. போட்ட முதலும் உழைப்பும் சில நாள்களிலேயே பூசணம் பிடித்துப் போவதோடு, வாங்கியவர் முகத்தில் கொப்புளமும் வந்து சேர்கிறது.

அக்காலத்துப் பெண்கள் சேமித்து வைத்தவை இரண்டே வகை. ஒன்று, நன்கு உலர்ந்த தூள். மற்றொன்று, நீர் வற்றக் காய்ச்சிய எண்ணெய். தண்ணீர் சேர்ந்த எதையும் அன்றன்று அரைத்து அன்றே தீர்த்துவிட்டார்கள். இதற்குக் காரணம் உண்டு. பூசணமும் நுண்ணுயிர்களும் பெருக ஈரம் வேண்டும். ஈரமற்ற தூளிலும், நீரற்ற எண்ணெயிலும் அவை பெருக இயலாது. தொழிற்சாலைகளில் செய்யும் கிரீம்களில் இதற்கெனவே பாதுகாப்பு மருந்துகளை அளவறிந்து சேர்க்கிறார்கள். வீட்டில் அது முடியாது, முயலவும் கூடாது.

கற்றாழையையே எடுத்துக்கொள்ளலாம். அதன் சோற்றில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். மடலை வெட்டியதும் கசியும் மஞ்சள் பால் தோலில் அரிப்பு உண்டாக்கும். ஆகவே வெட்டிய மடலை வெட்டுவாய் கீழே இருக்கும்படி கால் மணி நேரம் நிறுத்தி வைத்து, பால் வடிந்த பின் தோல் சீவி, சோற்றைப் பல முறை கழுவி, உடனே பூசிக் கழுவிவிட வேண்டும். அதைப் புட்டியில் அடைப்பது வீண் வேலை.

சேகரிக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஆவாரம்பூவைப் பனி உலர்ந்த பின் காலை வேளையில் பறிக்க வேண்டும். போக்குவரத்து மிகுந்த சாலை ஓரத்துச் செடிகளில் வாகனப் புகையும் புழுதியும் படிந்திருக்கும், அவை வேண்டாம். அதைவிட முக்கியம், அடுத்த வயலில் பருத்திக்கோ காய்கறிக்கோ பூச்சிமருந்து அடித்திருந்தால் அந்த வரப்புப் பூவைத் தொடக் கூடாது. தழை சாப்பிடும் பொருள் அல்லவே என்று சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். உடம்பு முழுவதும் நாள்தோறும் தேய்க்கும் பொருளுக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

ரோஜா இதழிலும் இந்த ஆபத்து மிகுதி. மாலை கட்டுவதற்காக விளைவிக்கும் ரோஜாவுக்குப் பூச்சிமருந்து அடிக்கடி தெளிக்கப்படுகிறது. சந்தையில் மிஞ்சிய பூவை மலிவாக வாங்கி உலர்த்துவது தவறு. வீட்டுக் கொல்லையில் மருந்து படாமல் வளர்ந்த பன்னீர் ரோஜா இரண்டு செடி இருந்தால் போதும். இல்லாவிட்டால் ரோஜாவே இல்லாமல் மாவு அரைக்கலாம். வாசம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

கோரைக் களையோடு மல்லுக்கட்டிச் சலித்த விவசாயிகளுக்கு ஒரு சிறு ஆறுதல்: அதன் கிழங்கு நறுமணம் உள்ளது, நலங்கு மாவில் சேர்வது, நாட்டு மருந்துக் கடைகளிலும் வாங்குகிறார்கள். உழவின்போது மேலே வரும் கிழங்குகளைப் பொறுக்கி, கழுவி, மேல் நார்களைத் தீயில் வாட்டிப் பொசுக்கி, நசுக்கிக் காயவைக்க வேண்டும். களைக்கொல்லி தெளித்த வயலின் கிழங்கு ஆகாது.

கஸ்தூரி மஞ்சள் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அநேகர். உண்மையான கஸ்தூரி மஞ்சளின் கிழங்கை வெட்டினால் உட்புறம் வெளிறிய சந்தன நிறமாக இருக்கும். கற்பூர வாசனை அடிக்கும். முகத்தில் பூசினால் மஞ்சள் கறை பிடிக்காது. கடைகளில் அந்தப் பெயரில் அடர்ந்த மஞ்சள் நிறத் தூளாகக் கிடைப்பது பெரும்பாலும் வேறு இனக் கிழங்கு. நிறம் பளிச்சென்று இருந்தால் நல்ல சரக்கு என்று நினைப்பது இங்கே நேர்மாறான தவறு. சமையல் மஞ்சளிலும் நிறத்தை நம்பக் கூடாது. வங்காள தேசத்தில் மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற ஈயம் கலந்த சாயத்தைப் பூசியதை 2019-இல் வெளியான ஆய்வுகள் எடுத்துக்காட்டின. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது.

ஆகவே கஸ்தூரி மஞ்சளைச் சொந்தமாகப் பயிரிட்டுக் கொள்வதே நல்லது. தென்னந்தோப்பின் இளநிழலில் இது வளரும். நம்பகமான இடத்தில் விதைக் கிழங்கு வாங்கி வைகாசி, ஆனி மாதங்களில் நட்டால், தை, மாசியில் இலை பழுத்துச் சாயும்போது தோண்டலாம். வீட்டுத் தேவைக்குப் பத்துத் தூர் தாராளம். மறு ஆண்டு விதைக்கும் அதிலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

உலர்த்துவதில்தான் எல்லாம் இருக்கிறது

நலங்கு மாவு கெட்டுப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அரைகுறையாகக் காய்ந்த சரக்கே. தை முதல் பங்குனி வரை உலர்த்துவதற்கு ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே மேல்.

பூவையும் இலையையும் நிழலில் உலர்த்த வேண்டும். கடும் வெயிலில் போட்டால் நிறமும் மணமும் போய்விடும். காற்றோட்டமான திண்ணையில் கயிற்றுக் கட்டிலின் மேல் வெள்ளைத் துணி விரித்து, ஒரே அடுக்காகப் பரப்பி, நாளைக்கு இருமுறை புரட்டிவிட வேண்டும். கீழேயும் காற்றுப் புகுவதால் தரையில் போடுவதைவிட விரைவில் காயும், கோழியும் கிளறாது. கஸ்தூரி மஞ்சளைக் கழுவி, கால் அங்குலத்துக்கும் மெல்லிய வில்லைகளாக அரிந்து காயவைக்க வேண்டும். சமையல் மஞ்சளைப் போல வேகவைக்க வேண்டியதில்லை. வெட்டிவேரில் மண் ஒட்டியிருக்கும். நாலைந்து தண்ணீரில் அலசி, அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி வெயிலில் போடலாம். பயறை வெயிலில் காயவைத்தால் போதும், வறுக்கத் தேவையில்லை.

தார்ச் சாலையில் காயவைக்கும் பழக்கத்தை இதற்குக் கொண்டுவரக் கூடாது. மாலையில் பனி இறங்கும் முன் சரக்கை உள்ளே எடுத்துவிட வேண்டும். பகலெல்லாம் காய்ந்தது ஒரே இரவுப் பனியில் மறுபடி ஈரம் இழுத்துக்கொள்ளும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது? இலையும் பூவும் கையில் கசக்கினால் நொறுங்க வேண்டும். மஞ்சள் வில்லை வளையாமல் ‘டக்’கென ஒடிய வேண்டும். இதைவிட நிச்சயமான சோதனை ஒன்று உண்டு. காய்ந்த சரக்கில் ஒரு கைப்பிடி எடுத்து, உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி, இரண்டு மணி நேரம் வெயிலில் வைக்க வேண்டும். பிறகு நிழலுக்குக் கொண்டுவந்து ஆறவிட்டுப் பார்த்தால், உள்ளே ஈரம் இருந்தால் கண்ணாடியின் உட்புறம் முத்துமுத்தாகப் பனித்திருக்கும். அப்படிப் பனித்தால் முழுச் சரக்கையும் மறுபடி உலர்த்த வேண்டும்.

எங்காவது வெள்ளையாகவோ பச்சையாகவோ பூசணம் தென்பட்டால், அதை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மற்றதை அரைப்பது கூடாது. அந்தக் குவியல் முழுவதும் எருக்குழிக்குத்தான்.

நலங்கு மாவு அரைக்கும் அளவு

வீட்டுக்கு வீடு இதில் வேறுபாடு உண்டு. எளிய அளவு ஒன்று: பச்சைப்பயறு 1 கிலோ, கஸ்தூரி மஞ்சள் 100 கிராம், ஆவாரம்பூ 100 கிராம், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், பன்னீர் ரோஜா இதழ் ஆகியவை வகைக்கு 50 கிராம். எல்லாம் உலர்ந்த எடை. பயறு உடைக்கும்போது மிஞ்சும் குருணையை இதற்குப் பயன்படுத்தலாம். வண்டு துளைத்ததைப் பயன்படுத்தக் கூடாது. அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் இழுத்துக்கொள்வது பயற்றமாவுதான். மற்றவை மணத்துக்கும் குளிர்ச்சிக்கும் சேர்பவை. எனவே ஏதேனும் ஒன்று இல்லாவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

அரைக்கும் இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஊர் மிஷினில் மிளகாய் அரைத்த கையோடு நலங்கு மாவை அரைத்துவிட்டால் குளிப்பவர் பாடு திண்டாட்டம். அரிசி அரைத்து முடிந்த பின் போக வேண்டும். அப்போதும் முதலில் ஒரு கைப்பிடி பயறை ஓட்டி, விழும் மாவை ஒதுக்கிவிட்டுப் பிறகு சரக்கைப் போடச் சொல்ல வேண்டும். சிறு அளவாயின் வீட்டு உரலும் மிக்சியும் போதும். அரைத்த மாவு சூடாக இருக்கும். ஆறாமல் டப்பாவில் அடைத்தால் மூடியில் நீர் கோத்து, இத்தனை நாள் உலர்த்தியதும் வீணாகும். ஆறிய பின் மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். வைத்தியர்கள் இதை வஸ்திரகாயம் செய்வது என்பார்கள். வெட்டிவேர்ச் சிம்பும் ஆவாரங்காம்பும் மாவில் தங்கினால் தோலைக் கீறும்.

ஆண்டு முழுவதற்கும் ஒரே தடவையில் அரைத்து வைப்பதை விட, உலர்ந்த சரக்கை முழுதாகவே டின்னில் அடைத்து வைத்துக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரைப்பது நல்லது. தூளில் மணம் சீக்கிரம் போகும். வண்டும் எளிதில் வரும். குளியலறையில் சிறு டப்பா ஒன்று தனியே இருக்கட்டும். பெரிய டின்னில் ஈரக் கை படக் கூடாது. குழைத்த மாவு மிஞ்சினால் மறுநாளைக்கு வைக்காமல் கொட்டிவிட வேண்டும்.

புதிதாக அரைத்த எதையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது குழைத்துப் பூசிக் கழுவி, ஒரு நாள் பார்த்த பின்பே முகத்துக்குப் போட வேண்டும். சிவப்போ அரிப்போ கண்டால் அந்தக் கலவை அவருக்கு ஆகாது. கைக்குழந்தையின் தோலுக்கு எந்தத் தூளும் வேண்டாம்.

சேர்க்கக் கூடாதவை

நாட்டு மருந்துக் கடையில் நலங்கு மாவுச் சாமான் என்று கேட்டால் கார்போக அரிசியையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பதுண்டு. வெயிலில் உழைப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். இந்த விதையில் சோரலென் என்னும் பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டபின் வெயில் பட்டால் தோல் வெந்து சிவக்கும், கொப்புளம் வரும், பிறகு கருமை தங்கும். வெண்புள்ளி நோய்க்கு வைத்தியர்கள் இதை அளவோடு கொடுப்பது இந்தக் குணத்தைக் கருதியே. நிழலில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். நாற்று நடவும் களை எடுக்கவும் போகும் பெண்ணுக்கு அப்படி அல்ல.

எலுமிச்சைச் சாறும் இதே வகைதான். முகம் வெளுக்கும் என்று சாற்றைப் பூசிக்கொண்டு காட்டுக்குப் போனால், வெளுப்பதற்குப் பதில் திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும். எலுமிச்சை பறிப்பவர்களும் சாறு பிழிபவர்களும் வெயிலுக்குப் போகும் முன் கையை நன்றாகக் கழுவிக்கொள்வது நல்லது.

மருதாணி இலையை அரைத்து வைத்தால் ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரைதான் நிறம் பிடிக்கும். அதன் இயல்பான சாயம் அவ்வளவே. சில நிமிடங்களில் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கப்படும் கூம்புகளிலும், ‘கருப்பு மருதாணி’ப் பொடிகளிலும் பாரா-பினைலீன் டயமின் என்னும் முடிச்சாய ரசாயனம் கலந்திருப்பதுண்டு. அதனால் தோல் கொப்பளித்துத் தழும்பு விழுந்தவர்கள் உண்டு. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பின்னர் எந்தத் தலைச்சாயமும் அவருக்கு ஆகாமல் போகலாம். வேலி மருதாணி இருக்கும்போது கூம்பு வாங்க வேண்டிய அவசியம் இல்லை. கைக்குழந்தைகளுக்கு மட்டும் இலை மருதாணியும் வைக்கக் கூடாது. பிறவியிலேயே ஒருவகை ரத்தக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.

தலைக்குத் தூள்

சேலம், நாமக்கல், ஈரோடு பக்கங்களில் தலைக்கு அரப்பு தேய்ப்பது பழைய வழக்கம். உசிலை மரத்தின் இலைதான் அரப்பு. வறட்சி தாங்கும் மரம்; ஆடுகளுக்குத் தழையும் ஆகும். உசிலம்பட்டிக்குப் பெயர் வந்ததே இம்மரத்தால் என்பார்கள். இலையை நிழலில் உலர்த்தி இடித்துச் சலித்தால் தூள் தயார். நுரை அதிகம் வராது. ஆனால் முடி சிக்குப் பிடிக்காமல் வழவழப்பாக இருக்கும்.

எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுப்பது சீயக்காய். அதிலுள்ள சபோனின் என்னும் நுரைக்கும் பொருளே காரணம். முள் நிறைந்த கொடியாதலால் உயிர்வேலிக்கும் உதவும். விதையின் தோல் கடினமானது. வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் முளைப்பு நன்றாக வரும். சீயக்காய் 1 கிலோ, அரப்பு இலை 250 கிராம், பச்சைப்பயறு 200 கிராம், வெந்தயம் 100 கிராம், கொட்டை நீக்கிய பூந்திக்காய்த் தோல் 100 கிராம் என்பது ஓர் அளவு. தனிச் சீயக்காய் முடியை வறட்டும். பயறும் வெந்தயமும் அதைத் தணிக்கும். வெறும் தண்ணீருக்குப் பதில் வடிகஞ்சியில் கரைத்துத் தேய்ப்பது இன்னும் நல்லது.

சீயக்காயை அரைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். கண்ணில் பட்டால் கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். மீன் வளர்க்கும் குட்டையில் சீயக்காய், பூந்திக்காய்க் கழிவு நீரை விடக் கூடாது. சபோனின் மீனுக்கு நஞ்சு.

நீர் வற்றக் காய்ச்சிய எண்ணெய்

கொப்பரை நன்றாகக் காய்ந்திருந்தால் 10 தேங்காயில் ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கும். தேங்காய்ப் பருப்பில் பாதிக்குப் பாதி ஈரம் இருக்கிறது. அது 6 சதவீதத்துக்குக் குறைந்த பிறகே செக்குக்கு அனுப்ப வேண்டும். வெள்ளையாகத் தெரிவதற்காகக் கந்தகப் புகை போட்ட கொப்பரையும், பூசணம் கண்ட கொப்பரையும் ஆகா.

ஒரு லிட்டர் எண்ணெய்க்கு கால் லிட்டர் கரிசலாங்கண்ணிச் சாறும், நசுக்கிய நெல்லி வற்றல் 50 கிராமும் போதும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. சாறு கொதிக்கும்போது எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்தால் தீப்பிடிக்கும். சிறு தீயில் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். பிள்ளைகளை அடுப்பங்கரைக்கு வரவிடக் கூடாது. முதலில் சடசடவென்று ஓசை வரும். நீர் வற்ற வற்ற ஓசை அடங்கும். அடியில் தங்கும் வண்டலை எடுத்து ஆறவைத்து விரலால் உருட்டினால், நீர் இருக்கும்போது மெழுகுபோல் திரளும். வற்றியபின் மணல்போல் நறநறக்கும். ஒரு திரியை எண்ணெயில் நனைத்து, அடுப்பிலிருந்து தள்ளி நின்று கொளுத்திப் பார்க்கலாம். வெடிக்காமல் எரிந்தால் நீர் முற்றும் போயிற்று. ஆறிய பின் வடிகட்டி உலர்ந்த புட்டியில் ஊற்ற வேண்டும். வழுக்கையில் முடி முளைக்கும் என்று இதை விற்பது பொய். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, தலை அலசும்போது முடியின் புரதம் கழிந்து போவதைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. முடி உடைவது குறையும் என்ற அளவில் சொல்லிக்கொள்ளலாம்.

விற்க நினைப்பவர்களுக்கு

வீட்டு உபயோகத்துக்குச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் தோலுக்கும் முடிக்கும் பயன்படும் பொருளைத் தயாரித்து விற்க, 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகள் இதற்கான முறைகளை வகுத்துள்ளன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். தயாரிக்கும் இடம், ஆள், சோதனை வசதி பற்றியெல்லாம் நிபந்தனைகள் உண்டு. பொட்டலத்தில் தயாரித்தவர் முகவரி, தொகுதி எண், தயாரித்த நாள், எந்நாள் வரை பயன்படுத்தலாம், என்னென்ன சேர்ந்துள்ளன என்பவற்றை அச்சிட வேண்டும். படை, சொறி, முடிகொட்டல் தீரும் என்று போட்டால் அது மருந்தாகிவிடும். அதற்கு வேறு உரிமம்.

தனி ஒரு சிறு விவசாயிக்கு இது கட்டுப்படி ஆவது கடினம். சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து செய்யலாம். இல்லையேல், தூளாக்காமல் உலர்ந்த சரக்காகவே விற்பது எளிய வழி. சுத்தமாக உலர்த்திய ஆவாரம்பூ, அரப்பு இலை, கஸ்தூரி மஞ்சள் வில்லை, கோரைக்கிழங்கு ஆகியவற்றை நாட்டு மருந்துக் கடைகளும் உரிமம் பெற்ற தயாரிப்பாளர்களும் வாங்குவார்கள். முன்கூட்டியே ஒரு படி மாதிரி கொண்டுபோய்க் காட்டி, என்ன தரத்தில் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பிறகு பறிக்கத் தொடங்க வேண்டும். பறித்த அன்று பச்சை எடை, காய்ந்த பின் எடை, பறித்த கூலி மூன்றையும் நோட்டில் எழுதி வைத்தால், கிலோ என்ன விலைக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்பது தெரிந்துவிடும். கொடுக்கும் வரை சரக்கைச் சாக்கில் கட்டித் தரையில் போடாமல், காற்றுப் புகாத டின்னிலோ கனத்த பாலித்தீன் பையிலோ அடைத்துப் பலகை மேல் வைத்து, அடைமழைக்குப் பின் வெயில் கண்டதும் பிரித்துப் பார்த்து ஒரு முறை காயவைக்க வேண்டும்.